பத்தரைக்கு முன் வைத்த கையொப்பம்

புது வாகனத்துக்குள் ஒரு மணம் இருக்கும். பிளாஸ்டிக்கும் பசையும் இன்னும் ஒருவரும் வியர்க்காத இருக்கைத் துணியும் சேர்ந்த மணம். பலருக்கு அது பிடிக்கும். மூச்சை இழுத்துவிட்டு 'புதுசு' என்பார்கள். போன மாதம் ரண்டர்ஸ் நகரத்தில் என்னோடு வேலை செய்கிற பெண் தன் புதுக் காரில் என்னை ஏற்றினாள். கதவு மூடியதும் அந்த மணம் தொண்டைக்குள் இறங்கியது. இரண்டு சந்தி வரைக்கும் தாக்குப்பிடித்தேன். பிறகு யன்னலை இறக்கச் சொன்னேன். வெளியே சாய்ந்தடிக்கிற மழை. வயிற்றைப் பிரட்டுகிறது என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாதது சரிதான். வாகனத்தில் பிரட்டுகிற உடம்பு இல்லை என்னுடையது. அந்த மணத்துக்குள் நான்கு வருடம் இருந்து சம்பளம் வாங்கியவள் நான்.

வைலே நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரமாக, கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு வான் விற்பனை நிலையம். முன்றலில் வெள்ளை வான்கள் வரிசையாக, சிரிக்கிற வாய்க்குள் பற்கள் போல நின்றன. நான் விற்பவள் இல்லை. பின் மேசை என்னுடையது: பதிவுப் பத்திரம், இலக்கத் தகடு, காப்புறுதிப் படிவம். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத பிறவி நான். மீன் தொழிற்சாலை, பாடசாலைச் சமையலறை, மொழிபெயர்ப்பு, முதியோர் வீடு என்று நாலும் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கதிரைக்கு வந்தேன். சூடான அறை, சக்கரம் வைத்த கதிரை, கை நாறாத வேலை. கை நாறாது என்றுதான் நினைத்தேன்.

வான் விற்பதில் பெரிய ஆதாயம் இல்லை என்று வந்த முதல் மாதமே புரிந்தது. ஆதாயம் அதோடு ஒட்டுவதில் இருந்தது. எல்லா வாகனத்துக்கும் சட்டப்படி ஒரு காப்புறுதி இருக்கும். அதை வாங்குபவர் வேறு எங்கோ எடுத்துக்கொள்வார். நாங்கள் விற்றது அதற்கு மேலே ஒட்டுகிற காப்புறுதிகள். சாவி தொலைந்தால் ஒன்று. சில்லு கிழிந்தால் ஒன்று. எல்லாவற்றிலும் கொழுத்தது 'வித்தியாசக் காப்புறுதி': வான் முழுதாக அழிந்துபோனால் காப்புறுதிக்காரர் அன்றைய பெறுமதியைத்தான் தருவார், நீங்கள் வாங்கிய விலைக்கும் அதற்கும் இடையில் இருக்கிற பள்ளத்தை இது நிரப்பும். கேட்கும்போது நல்ல சாமான். சிலருக்கு உண்மையிலேயே நல்ல சாமான்தான். ஆனால் அதைக் கேட்டு வந்தவர் ஒருவரையும் நான் காணவில்லை. புல்லுக்குள் நடந்தவனின் வேட்டியில் நாயுருவி ஒட்டுவதுபோல, வான் வாங்க வந்தவரில் அது ஒட்டும். வீட்டுக்குப் போய்த்தான் பார்ப்பார்.

பார்த்துவிட்டுப் பிடுங்கி எறிய இந்த நாட்டுச் சட்டம் பதினான்கு நாள் தருகிறது. அதற்கு டேனிஷில் 'வருந்தும் உரிமை' என்றே பெயர். முதன்முதல் கேட்டபோது அந்தச் சொல் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது. ஒரு அரசாங்கம் உட்கார்ந்து யோசித்து, மனிதன் அவசரப்படுவான், பிறகு வருந்துவான், வருந்த அவனுக்கு இரண்டு கிழமை வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது.

தனியாளுக்கு மட்டும். அதை நான் ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் அறிந்தேன். மேலாளர் கறுவாப் பணிசைக் கடித்துக்கொண்டே சுவரில் இரண்டு பக்கங்களைக் காட்டினார். முதல் பக்கம் தனியாட்களுக்கு: என்ன சொல்லவேண்டும், எந்தத் தாள் கொடுக்கவேண்டும், இது கட்டாயமில்லை என்பதை எப்படிச் சொல்லவேண்டும், பதினான்கு நாள். எழுத்து எழுத்தாக நிறைந்த பக்கம். இரண்டாம் பக்கம் தொழில் வாடிக்கையாளருக்கு. அதில் ஒரு தலைப்பும் இரண்டு வரியும், மிச்சம் வெள்ளை. இந்தப் பக்கத்தை நீங்கள் எல்லாரும் காதலிக்கவேண்டும் என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த விலக்கில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நூறு வான் வைத்திருக்கிற கொம்பனிக்குச் சட்டத்தரணி இருப்பார், கணக்காளர் இருப்பார், வாசிக்கச் சம்பளம் வாங்குகிற ஆட்கள் இருப்பார்கள். அவர்களை ஏன் கையைப் பிடித்து நடத்தவேண்டும். ஆனால் இந்த நாட்டில் தொழில் இலக்கம் என்பது எட்டு எண்கள். கப்பல் விடுகிற கொம்பனிக்கும் எட்டு. சனி ஞாயிறில் வீட்டில் பற்றீஸ் பொரித்து விற்கிற பெண்ணுக்கும் எட்டு. எண்ணைப் பார்த்தால் ஆள் தெரியாது. ஆள் தெரியாமல் இருப்பது எங்களுக்கு வசதியாக இருந்தது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, வந்தவருக்குக் கோப்பி ஊற்றுவதற்கு முன்னமே கேள்வி வரும்: உங்களிடம் தொழில் இலக்கம் இருக்கிறதா? அவ்வளவு அன்பாக. பிள்ளைகள் எத்தனை என்று கேட்பதுபோல.

எங்கள் தமிழ் ஆட்களிடம் இருந்தது. பாதிப் பேரிடம் ஏதோ ஒரு இலக்கம் இருந்தது: துப்புரவு வேலை, மணவறை சோடனை, வீடியோ, சாப்பாடு. அதோடு, எவரோ ஒருவர் எப்போதோ சொன்ன ஒரு வாக்கும் எல்லாரிடமும் இருந்தது, வண்டியைக் கொம்பனி பெயரில் எடு, வரி குறையும் என்று. விபோர்க்கிலிருந்தும் ரண்டர்சிலிருந்தும் வைலேக்கு வந்தார்கள். 'உங்கை எங்கட ஆள் ஒராள் இருக்கிறா' என்ற கதை கோயில் மடப்பள்ளியிலிருந்து தேவாலய வாசல் வரைக்கும் போயிருந்தது. அந்த ஆள் நான். எனக்கு அதில் பெருமை. புறங்கையால் முகத்தைத் துடைக்கிற மாதிரி, பெரிதாகக் காட்டாத பெருமை.

அங்கே ஒரு விற்பனைக்காரன் இருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். அகன்ற தோள், சிவந்த தாடி, எவரையும் முதல் நிமிடத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல். ஒரு சனிக்கிழமை ரண்டர்சிலிருந்து வந்த அண்ணை ஒருவர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி கையொப்பம் வைக்காமல் இருந்தார். பத்தரை தாண்டியதும் வைத்தார். அவர் போன பிறகு அவன் என்னிடம் வந்து காரணம் கேட்டான். நான் ராகு காலத்தைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு நாளிலும் ஒன்றரை மணித்தியாலம் நல்ல காரியம் தொடங்க ஆகாது, அந்த நேரம் கிழமைக்குக் கிழமை அப்படியே திரும்பி வரும், எங்கள் ஆட்களில் பலர் அதைப் பார்ப்பார்கள் என்று. கதிரையைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து கேட்டான். கண் விரியக் கேட்டான். எத்தனை வருடமாக இந்த நாட்டில் ஒருவர் எங்களைப் பற்றி இப்படி உட்கார்ந்து கேட்டிருக்கிறார்? எழுதித் தருகிறாயா என்றான். தந்தேன். அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, ஏழு நாளுக்கும் நேரம் எழுதி, திங்கள் ஏழரை, செவ்வாய் மூன்று என்று டேனிஷ் எழுத்தில் அழகாக. அதைத் தன் கணினித் திரைக்குக் கீழே ஒட்டினான். மறுநாள் எனக்கு ஒரு கேக் துண்டு வந்தது. வீட்டுக்குப் போய் அதைச் சொன்னேன் வேறு: வெள்ளைக்காரன் எங்கட நாள் நட்சத்திரத்தை மதிக்கிறான்.

பிறகு தமிழ்க் குடும்பங்களுக்கு அவன் கொடுக்கிற நேரங்கள் மாறின. வெள்ளி என்றால் பத்து மணி. வியாழன் என்றால் ஒன்று. எல்லாம் ராகு காலத்துக்கு அரை மணிக்கு முன்னால். கையொப்பத்துக்கு ஒரு வேலி போட்டு, அந்த வேலிக்குப் பக்கத்தில் ஆட்களை நிறுத்தினான். நாட்குறிப்பில் அந்த நேரங்களைப் பதிந்தவள் நான். ஒரு மாதம், இரண்டு மாதம், விரலால் பதிந்தேன், கண் பார்த்தது, மனம் வேறு பக்கம் திரும்பி நின்றது. பழுதான கறியை முகர்ந்துவிட்டு, இன்னும் ஒருநாளைக்கு இருக்கும் என்று மூடி வைக்கிறோமே, அப்படி.

அவர்கள் விபோர்க்கிலிருந்து வந்தார்கள். கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை, பத்து மணி. பாதையெல்லாம் பனிப்புகார். புருசன் தொழிற்சாலையில், மனைவி முதியோர் பராமரிப்பில். மூன்று பிள்ளைகள். கிழமை முடிவில் அவள் கொண்டாட்ட வீடுகளுக்குப் பற்றீசும் றோல்ஸும் செய்து கொடுப்பாள். அதற்காக ஒரு சின்னக் கொம்பனி, அவள் பெயரில். ஆறு பேர் இருக்கக்கூடிய, பின்னால் தட்டுகளும் அடுக்கக்கூடிய வான் ஒன்று வேண்டும். உள்ளே வந்ததும் அவள் தேடியது என் முகத்தை. கண்டதும் தோள் இறங்கியது. அந்த இறக்கம் எனக்கு இப்போதும் தெரிகிறது.

"அக்கா, பத்தரைக்கு முன்னம் முடிச்சிடலாமோ?"

புருசன் சிரித்தார். "மார்கழியிலை இஞ்சை எட்டரைக்குத்தான் வெளிக்கிறது. சூரியனே எழும்பாத ஊரிலை ராகு என்னத்தை விழுங்கிறது, சொல்லுங்கோ அக்கா."

"நீங்கள் சும்மா இருங்கோப்பா. போனமுறை நேரம் பாக்காமல் எடுத்த கார் என்ன பாடு படுத்தினது."

நான் விற்பனைக்காரனிடம் டேனிஷில் சொன்னேன், பத்தரைக்கு முன் முடிக்கவேண்டுமாம் என்று. அவனுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கோப்பி ஊற்றினான். பனிப்புகாரைப் பற்றிக் கதைத்தான். பற்றீசுக்குள் என்ன வைப்பீர்கள் என்று கேட்டான். உறைப்பைப் பற்றி ஒரு பகிடி விட்டான். தன் கோப்பியை அவன் குடித்து முடித்தபோது மணி பத்தும் பன்னிரண்டும்.

பிறகு தாள்கள். வேகமாக.

அவள் ஒரு விசயத்தைத் தெளிவாகச் சொன்னாள், நான் அதைத் தெளிவாக மொழிபெயர்த்தேன். வான் முக்கியமாக வீட்டுக்குத்தான். பிள்ளைகளை ஏற்ற, வேலைக்குப் போக, கோயிலுக்குப் போக. சாப்பாடு கிழமையில் ஒருநாள். அவன் தலையாட்டினான். அப்படியென்றால் கிளித் தகடு என்றான். இங்கே வெறும் தொழிலுக்கான வானுக்கு மஞ்சள் இலக்கத் தகடு. வீட்டுக்கும் தொழிலுக்கும் சேர்த்து ஓட்டினால் பாதி மஞ்சள், பாதி வெள்ளை. சனங்கள் அதைக் கிளித் தகடு என்பார்கள். வீட்டுப் பாவனைக்காக அரசுக்குத் தனியாக ஒரு வரி கட்டவேண்டும். அவள் கட்ட ஒத்துக்கொண்டாள். கள்ளம் செய்ய வந்தவள் இல்லை.

அடுத்த தாளில், அதே பேனையால், அதே நிமிடத்தில், அவன் 'தொழில் வாடிக்கையாளர்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டான். வரி எடுப்பதற்கு அவள் குடும்பம். பாதுகாப்புக் கொடுப்பதற்கு அவள் கொம்பனி. ஒரு பெண்ணை இரண்டாகக் கிழித்து, எந்தத் தாளுக்கு எந்தப் பாதி வசதியோ அந்தத் தாளில் அந்தப் பாதியை ஒட்டுகிற வித்தை. நான் அடுத்த தாளை எடுத்து வைத்தேன்.

மூன்றாவது தாளில் அவள் பேனை நின்றது. வித்தியாசக் காப்புறுதி, மூன்று வருடம்.

"இது என்ன அக்கா?"

பத்தும் இருபத்தாறும். அவன் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். வானோடு சேர்ந்தது என்று சொல்லிவிடு என்றான் டேனிஷில், மெதுவாக, உப்பை இங்கே தள்ளு என்று மேசையில் கேட்பதுபோல. எனக்கு நேரம் இருந்தது. 'இது கட்டாயமில்லை' என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். தமிழில் சொன்னால் அவனுக்கு விளங்கவும் போவதில்லை. அந்த மேசையில் அந்த நேரம் முழுச் சுதந்திரம் உள்ள ஒரே ஆள் நான்.

"அது வண்டியோடை வாறது," என்றேன்.

அவள் வைத்தாள். புருசன் மணிக்கூட்டைப் பார்த்து, ராகு வாசலிலை நிக்கிறார், கோப்பி குடுங்கோ என்றார். எல்லாரும் சிரித்தோம். பன்னிரண்டு மணி தாண்டி வெளியே போய், முன் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்து ஓட்டினார்கள். அவன் கைப்பேசியில் அதைப் படமெடுத்தான். தாரில் மஞ்சளாக ஒரு துப்பல்போல அந்தச் சாறு கிடந்தது. மாலையில் அதன்மேல்தான் நடந்து நான் பஸ்ஸுக்குப் போனேன்.

ஆறாம் நாள் அவள் தொலைபேசி எடுத்தாள். மூத்த மகள் தாள்களை வாசித்துவிட்டு டேனிஷில் சொன்னாளாம், அம்மா இது விரும்பினால் எடுக்கிறது, கட்டாயமில்லை என்று. அவர்களுடைய வழமையான காப்புறுதியே, முதல் வருடத்துக்குள் வான் அழிந்தால் புது வண்டி தருமாம். பதினான்கு நாளுக்குள் நிற்பாட்டலாம் என்று வேலையிடத்தில் சொன்னார்களாம், ஒருக்கா நிற்பாட்டிவிடுங்கோ அக்கா. குரலில் குற்றச்சாட்டு இல்லை. நான்தான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று அவள் எனக்காகவே ஒரு காரணத்தையும் தயார் செய்து வைத்திருந்தாள்.

அவனிடம் கேட்டேன். தொழில் வாடிக்கையாளர் என்றான். மேலாளரிடம் கேட்டேன். தொழில் வாடிக்கையாளர் என்றார். வீட்டுக்குத்தான் என்று அவள் சொன்னாளே, நான்தானே மொழிபெயர்த்தேன் என்றேன். தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டார். இப்படியான கடிதங்களுக்கு ஒரு மாதிரி இருந்தது, பெயரை மட்டும் மாற்றினால் போதும். அதை அடித்து அனுப்புவது என் வேலை. 'தங்கள் கொள்வனவு தொழில் சார்ந்தது என்பதால் மேற்படி உரிமை பொருந்தாது. தங்கள் புரிதலுக்கு நன்றி.' அவளுடைய புரிதலுக்கு நன்றி சொல்லிக் கீழே என் பெயரை வைத்து அனுப்பினேன். எச்சில் தொட்டு உறை ஒட்டுகிற காலமாக இருந்திருந்தால் என் நாக்கே எனக்குச் சொல்லியிருக்கும்.

மூன்று நாளில் திரும்ப எடுத்தாள்.

"அக்கா, நான் இப்ப ஆர்? கொம்பனியோ?"

அவளுடைய தாள்களைத் திரும்ப எடுத்தேன்.

"இல்லை, கேக்கிறன். நான் விடிய எழும்பி வயசு போனவைக்குச் சப்பாத்துப் போட்டு விடுறன். பின்னேரம் பிள்ளையளுக்குச் சமைக்கிறன். சனிக்கிழமை நாலு றோல்ஸ் சுத்துறன். இதிலை எந்த நேரம் நான் கொம்பனி? அந்த நேரத்தைச் சொன்னியள் எண்டால், அந்த நேரம் நான் வண்டி வாங்க வரமாட்டன்."

நகைச்சுவையாகத்தான் சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். மூன்று வருடம் மிச்சம் பிடித்துக் கட்டுவது அவளுக்குப் பெரிய பிரச்சினைதான், ஆனால் அவள் அழுதது அதற்கில்லை. படிப்பித்த மகளுக்கு முன்னால் தான் ஏமாளியாக நிற்பதற்காக. மகள் கேட்டாளாம், அந்த அன்ரியை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று.

காப்புறுதி முறைப்பாடுகளைக் கேட்கிற சபை ஒன்று இருக்கிறது. விசாரித்தேன். தொழில் இலக்கம் இருந்தாலும், வாங்கியது உண்மையில் எதற்கு என்பதை அவர்கள் பார்க்கக்கூடும் என்றார்கள். பெரும்பகுதி வீட்டுக்கு என்று காட்டினால் வழி உண்டு. ஆனால் தாளில் புள்ளடி இருக்கிறது. அந்த மேசையில் என்ன பேசப்பட்டது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவள் சொல்லலாம், அவள் கட்சிக்காரி. புருசன் சொல்லலாம், அதுவும் அப்படித்தான். மிச்சம் நான்.

வைலே நிலையத்தில், ஓகூசுக்குப் போகிற ரயிலுக்குக் காத்திருந்தபோது சபைக்கு என் சாட்சியத்தை எழுதினேன். ஒரு ரயிலை விட்டேன், இன்னொன்றும் வந்தது, அதையும் விட்டேன். நான் இருந்த வாங்கு குளிர்ந்தது. வீட்டுக்குத்தான் என்று அவள் சொன்னது, கிளித் தகடு, பன்னிரண்டு நிமிடக் கோப்பி என்று எழுதிக்கொண்டு போனபோது எழுத்து ஓடியது. கோபத்துக்கு எப்போதும் நல்ல நடை வரும். ஏழு நாளின் நேரங்களையும் அவனுக்கு எழுதிக் கொடுத்தவள் யார் என்கிற இடத்தில் பேனை நின்றது. 'அது வண்டியோடை வாறது' என்கிற இடத்தில் இன்னும் நின்றது. அதைத் தமிழிலேயே எழுதி, கீழே டேனிஷில் பொருள் எழுதினேன். எழுதியதும், அவன்மேல் வந்துகொண்டிருந்த அருவருப்பு மெல்லத் திரும்பி என் மடியில் ஏறிப் படுத்தது. அவன் தன் ஆட்களுக்குச் செய்யவில்லையே. நான் என் ஆட்களின் அச்சத்தைக் கோடு கீறி, நேரம் எழுதி, கையில் கொடுத்திருக்கிறேன். கேக் தின்றிருக்கிறேன்.

சபைக்கு அனுப்புவதற்கு முன் ஒரு பிரதியை மேலாளரின் மேசையில் வைத்தேன். நேர்மை என்றும் சொல்லலாம், பயம் என்றும் சொல்லலாம். வாசித்தார். விற்பனைக்காரனைக் கூப்பிட்டார். அவன் ஒளிக்கவில்லை. வாடிக்கையாளரின் பண்பாட்டுக்கு ஏற்றபடி நேரம் கொடுத்தேன், இதைவிட நல்ல சேவை என்ன என்றான். அவன் முகத்தில் பொய் இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. அவன் அதை உண்மையிலேயே மரியாதை என்று நம்பினான், நானும் ஒரு காலத்தில் நம்பியதுபோல. மேலாளர் தலையாட்டவில்லை. சபையில் அந்த அட்டவணை வாசிக்கப்பட்டால் எப்படி ஒலிக்கும் என்று அவர் காது கேட்டிருக்கவேண்டும். ஒரு மணித்தியாலத்தில் கடிதம் வந்தது. நல்லெண்ணத்தின் பேரில், எந்தக் கடப்பாட்டையும் ஒப்புக்கொள்ளாமல், இந்த ஒருமுறை மட்டும், ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே நீக்கப்படுகிறது. 'மதிப்புக்குரிய தொழில் வாடிக்கையாளருக்கு' என்றுதான் அதுவும் தொடங்கியது.

அடுத்த திங்கள் கூட்டத்தில் புது ஒழுங்கு. இனிமேல் அந்தக் கட்டத்தில் நாங்கள் புள்ளடி போடக்கூடாது. வாடிக்கையாளரே தன் கையால் 'தொழில்' என்று எழுதவேண்டும். சொந்தக் கையெழுத்து இருந்தால் பிறகு ஒருவரும் வாதாடமுடியாது. அவளுடைய கண்ணீரிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டது இது. ஓட்டையைக் காட்டினேன், அதை அடைக்காமல் அதற்கொரு கதவு செய்து பூட்டும் போட்டார்கள். கறுவாப் பணிஸ் வழக்கம்போல நடுவில் இருந்தது. எழும்பிக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்தபோது மேலாளர் அன்பாகச் சொன்னார், உனக்கு வேறு இடத்தில் இதைவிடச் சந்தோசமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மாத முடிவில் விலகினேன்.

நீக்கற் கடிதத்தைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். கொண்டுபோனேன். விபோர்க்கில் வரிசை வீடு ஒன்று. கிளித் தகட்டோடு வான் வாசலில் நின்றது. பின் இருக்கையில் பிள்ளையின் காற்பந்துச் சப்பாத்து. வீட்டுக்குள் எண்ணெய்ச் சூடு, மீனும் மிளகும் வெங்காயமும். அடுத்தநாள் ஒரு சாமத்தியவீட்டுக் கொண்டாட்டத்துக்கு ஓடராம். மேசை நிறைய வட்டமாக வெட்டிய மாவுத் துண்டுகள். அவள் கடிதத்தை வாங்கினாள், மேசையில் வைக்கவில்லை. மாவுக் கையைத் துடைத்துவிட்டு, நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். டேனிஷ் அவளுக்கு மெதுவாகத்தான் வரும். உதடு அசைய வாசித்தாள். 'கடப்பாடு' என்கிற சொல்லில் நின்று, என்னிடம் கேட்கவில்லை. கைப்பேசியில் தேடிப் பார்த்தாள். நான் காத்து நின்றேன். அடுப்பில் எண்ணெய் பொரிந்தது.

முடிந்தது, நன்றி என்றாள். இருங்கோ என்று கதிரை காட்டினாள், பிளேன்ரீ ஊற்றித் தந்தாள். பற்றீஸ் ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அழுத்திக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கரண்டி எடுத்தேன். வேண்டாம் அக்கா, நான் செய்யிறன் என்றாள். கரண்டியைத் திரும்ப வைத்தேன். அவனிடம் நேரம் எழுதிக் கொடுத்தது நான்தான் என்பதைச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது, கடிதத்தில் அது இல்லை. கை நிற்காமல் கேட்டாள். ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டு. தெரிந்துகொண்டே 'வண்டியோடை வாறது' என்று சொன்னேன் என்பதையும் சொன்னேன். அப்போது கை நின்றது.

"அது எனக்குத் தெரியும் அக்கா," என்றாள். "அண்டைக்கே உங்கட முகத்திலை தெரிஞ்சது. எண்டாலும் உங்கட முகம் எண்டபடியால் விட்டிட்டன்."

அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. தேநீரைக் குடித்து முடித்தேன், அதைப் பாதியில் வைப்பது இன்னொரு மரியாதைக்கேடு. கதவடியில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். கட்ட நேரம் எடுத்தது. அவள் சுவரில் சாய்ந்து, மாவுக் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். போட்டு வாறன் என்றேன்.

"ஓம், போட்டு வாங்கோ," என்றாள். "இனிமேல் ஆர் பக்கத்திலை இருந்தாலும், நான் வாசிச்சுப் பாத்துத்தான் கையொப்பம் வைப்பன் அக்கா."